மாமன் சீருக்கு ஒரு பழைய டிவி

ஆவணியும் தையும் வந்தால் என் கடையில் ரிப்பேர் வேலையைவிட யோசனை சொல்லும் வேலைதான் அதிகம். கிரகப்பிரவேசம், கல்யாணம், காதுகுத்து என்று முகூர்த்த நாட்கள் வரிசைகட்டி நிற்கும். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணே, அம்பத்தஞ்சு இஞ்ச். மூணு வருஷம்தான் ஓடியிருக்காம். பதினெட்டாயிரம் சொல்றாங்க. எடுத்துக் குடுத்துடலாமா?" என்பார்கள். போட்டோவில் எந்த டிவியும் அழகாகத்தான் இருக்கும். துடைத்துவிட்டு, நல்ல கலர் படமாகப் பார்த்து ஓடவிட்டு எடுத்ததாயிற்றே.

வேளச்சேரியில் டிவி மெக்கானிக் கடை வைத்திருப்பவன் நான். இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வதில்லை. "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். தனக்கு என்றால் ஒரு கணக்கு, அடுத்தவருக்குப் பரிசு என்றால் வேறு கணக்கு. தனக்கு வாங்குகிறவர் குறை தெரிந்தே வாங்கலாம். மூலையில் லேசாக வெளிச்சம் கசிந்தாலும், கொடுத்த விலைக்கு இது போதும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பரிசாகப் போன டிவி ஆறாம் மாதம் நின்றுபோனால், வாங்கிக்கொண்டவர் என்ன செய்வார்? கொடுத்தவரிடம் சொன்னால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். சொல்லாமல் தன் காசைப் போட்டுச் சரிசெய்தால், அந்தச் செலவு என்றைக்காவது ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் பேச்சாக வெளியே வரும். பழைய டிவிக்குக் கம்பெனி வாரண்டி முடிந்திருக்கும். அதன்பின் அதற்கு வாரண்டி, கொடுத்த மனிதர்தான்.

நான் தொழில் பழகியது சாலிடேர், டயனோரா செட்டுகளில். இரண்டுமே மெட்ராஸில் பிறந்த கம்பெனிகள். அந்தக் காலத்தில் பழைய டிவி வாங்குகிறவர் பயப்பட வேண்டியது பிக்சர் டியூப் ஒன்றுக்குத்தான். மற்ற எதுவும் ஐம்பது, நூறில் முடிந்துவிடும். டியூப் மங்கிப்போன செட்டுக்கு 'பூஸ்ட்' போடுவது அன்றைக்கு ஒரு கைவேலை. ஹீட்டருக்கு வழக்கமாகப் போகும் 6.3 வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து கேத்தோடைச் சூடேற்றினால் படம் பளிச்சென்று எழும். சில மாதம் தாங்கும். அந்தச் சில மாதத்துக்குள் செட்டைக் கைமாற்றிவிடுவார்கள். பெட்டி போய்ப் பலகை வந்துவிட்டது. தந்திரங்கள் மட்டும் போகவில்லை.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குலப் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக் குடும்பங்களுக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்ட பிறகு சின்ன டிவியைச் சீர் என்று தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசு வரவில்லை. சீர் என்றால் பெரிய திரை என்றாயிற்று. அதே சமயத்தில் சிங்கப்பூர், பாங்காக் போய்வந்தவர்கள் எல்.சி.டி. டிவியை லக்கேஜாகவே கொண்டுவந்தார்கள். 2013 ஆகஸ்ட் 26 முதல் அப்படிக் கொண்டுவரும் டிவிக்கு 36 சதவீதம் வரி என்று அரசு சொன்னதும் அந்த வழி அடைபட்டது. புதிதில் பெரியது வாங்கக் கை எட்டாதவர்கள் அதன்பின் பழையதில் பெரியதைத் தேட ஆரம்பித்தார்கள். என் கடைக்கு யோசனை கேட்டு வருகிறவர்களில் பலர் இவர்கள்தான்.

போன ஆவணியில் வந்தவர் ஓர் ஆட்டோக்காரத் தம்பி. அக்கா மகளுக்குத் தாம்பரம் தாண்டிப் புது வீடு. தாய்மாமன் சீராகப் பெரிய டிவி வைக்க வேண்டும் என்று ஆசை. "சின்னதா வெச்சா நல்லாவா இருக்கும்ணே? சம்பந்தி வீட்டாளுங்க எல்லாம் வருவாங்க. நீ ஒரு எட்டு வந்து பாத்துக் குடுண்ணே" என்றார். துரைப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வேலை மாற்றலாகிப் பெங்களூரு போகும் ஒரு குடும்பம் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "நாங்க வர்ற வரைக்கும் டிவியப் போடாதீங்க மேடம்" என்று சொல்லச் சொன்னேன். இது முக்கியம். சில பேனல்களில் ஆறிக் கிடக்கும்போது கோடு விழும், பத்து நிமிடம் சூடேறியதும் காணாமல் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் டிவியைப் போய்ப் பார்க்கிறவருக்கு அந்தக் கோடு தெரியவே தெரியாது. போனதும் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சொன்னபடி அணைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

அணைந்திருக்கும் திரையில் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். கீறல், அழுத்திய தடம், கீழ்விளிம்பில் தண்ணீர் இறங்கிய கறை எல்லாம் அப்போது தெரியும். திரையில் நேராகத் தண்ணீரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ தெளித்துத் துடைக்கிறவர்கள் வீட்டு டிவியில்தான் எனக்குப் பாதி பிழைப்பு. தெளித்தது வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். பல பேனல்களில் கண்ணாடியையும் சர்க்யூட்டையும் சேர்க்கும் மெல்லிய பட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. ஈரம் பட்டு அரித்தால் மேலிருந்து கீழாகக் கோடு விழும். அந்தப் பட்டையை மாற்றி ஒட்டும் பாண்டிங் மெஷின் என் போன்ற சின்னக் கடையில் கிடையாது. வைத்திருப்பவர்களிடம் கொண்டுபோனாலும் வேலை நிற்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இந்த டிவியில் கறை இல்லை.

அடுத்து என் பென் டிரைவைச் செருகினேன். அதில் சினிமா கிடையாது. முழு வெள்ளை, முழு சாம்பல், சிவப்பு, கறுப்பு என்று வெறும் நிறப் படங்கள். வெள்ளையில் ஆங்காங்கே வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தால், உள்ளே எல்.இ.டி. பட்டையில் ஒட்டியிருக்கும் குட்டி லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை முழுவதுமே நீலம் பாரித்தால் எல்.இ.டி.க்கு வயசாகிவிட்டது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சுத்த வெள்ளை என்றால், போன பட்டையை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பயப்பட வேண்டிய குறைகள் அல்ல. பட்டைகளை மொத்தமாக மாற்றலாம், பேனலைக் கையாளத் தெரிந்தவர் செய்தால் நன்றாகவே ஓடும். ஓ.எல்.இ.டி. செட் என்றால் சிவப்பையும் சாம்பலையும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே சேனல் ஓடும் வீடுகள் உண்டு. சேனல் முத்திரையும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நிழலாகத் திரையில் பதிந்து கிடக்கும். அதற்கு மருந்து கிடையாது.

சர்வீஸ் மெனுவுக்குள் போனால் டிவி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சில பிராண்டுகளில் காட்டும். "மூணு வருஷம்தான்" என்பதற்கு அதைப் பார்க்காமல் அர்த்தமே இல்லை. தினம் 8 மணி நேரம் ஓடினால் மூன்று வருஷத்தில் 8,760 மணி. தினம் 2 மணி நேரம் என்றால் 2,190. இரண்டுமே மூன்று வருஷம்தான். இந்த வீட்டில் ஒன்பதாயிரத்துக்கு மேல் காட்டியது. "லாக்டவுன் பழக்கம் சார், பசங்க கார்ட்டூனை அணைக்கவே விட மாட்டாங்க" என்று அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அரை மணி நேரம் ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். தம்பி ஏற்கெனவே மனசுக்குள் டிவியை வண்டியில் ஏற்றிவிட்டார். செய்திச் சேனல் ஓடியது. கீழே ஓடும் எழுத்துகள் இடது ஓரத்தில் துல்லியமாகவும், வலது ஓரத்துக்கு வந்ததும் கொஞ்சம் பிசிறடித்தும் தெரிந்தன. எழுந்து பின்பக்கம் போனேன். மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் நாலைந்தின் தலை தேய்ந்திருந்தது. இரண்டு வேறு நிறம்.

"எப்பவாவது திறந்து வேலை பாத்தீங்களா மேடம்?"

"ஆமா சார், போன வருஷம். படம் ரெண்டு ரெண்டா ஆடிச்சு. ஒருத்தர் வந்து அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துட்டார்."

மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. என்ன செய்து சரிசெய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். படம் வரியாக வரியாக எழுகிறது. அந்த வரிகளை எழுப்பும் பல்ஸ்கள் பெரிய பேனலில் இடம், வலம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் போகும். ஒரு பக்கத்துச் சர்க்யூட் கண்ணாடிக்குள்ளேயே கெட்டுப்போனால் படம் இரட்டையாகும், ஆடும். அப்போது பேனலை இயக்கும் டி-கான் போர்டிலிருந்து போகும் கேபிளில், அந்தப் பக்கத்துக்கான பின்களின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடைத்துவிடுவார்கள். மீதிப் பக்கம் ஒற்றை ஆளாக முழுத் திரையையும் இழுக்கும். படத்தின் ஆட்டம் நின்றுவிடும். அது இன்னும் மூன்று வருஷமும் ஓடலாம், மூன்று வாரத்திலும் போகலாம். பொங்கல் முடியட்டும், அதுவரை ஓட்டிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நானும் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன், இது இப்படித்தான் என்று சொல்லிவிட்டு. ஆனால் அந்த டேப் ஒட்டிய செட் கைமாறிப் போகும்போது டேப்பைப் பற்றிய பேச்சு கூடவே போவதில்லை.

படி இறங்கும்போது தம்பியிடம் சொன்னேன்: "உனக்குன்னா பத்தாயிரத்துக்குக் கேளு, அடிச்சு ஓட்டு. சீருக்குன்னா வேணாம்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆட்டோவில் ஏறியதும் இன்னொன்று கேட்டேன். "அக்கா மக வீட்ல டிவி வைக்கிற எடத்த அளந்தியா?" அளக்கவில்லை. அங்கேயே போன் போட்டார். தச்சர் டிவிக்கென்று அலமாரிக்கு நடுவில் விட்டிருந்த இடம் மூன்றரை அடி, சுமார் 107 சென்டிமீட்டர். டிவி அளவு மூலைக்கு மூலை எடுப்பது. 55 அங்குல டிவி அகலவாக்கில் 122 சென்டிமீட்டர் வரும், அதாவது நாலு அடி. 43 அங்குலம் 96 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். அந்தச் சுவரே 43-க்கு என்று கட்டியாயிற்று. அந்தப் பதினெட்டாயிரத்தோடு குட்டி யானை வண்டி வாடகை, ஆள் கூலி, சுவரில் மாட்டும் ஸ்டாண்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் போட்டால் பில்லோடு, பெட்டியோடு புது 43 கிடைக்கும் என்று கணக்கு வந்தது. அதைத்தான் வாங்கி வைத்தார். மேலே விழுந்த தொகைக்கு ஒரு மாதம் ராத்திரி சவாரி ஓட்டினார்.

இதனால் நான் பழைய டிவிக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அது என் பிழைப்பு. அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸம்மா ஒருவர், திருவண்ணாமலைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்குப் பெரிய டிவி வேண்டும் என்று வந்தார். அப்பாவுக்குக் கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. வீட்டில் இருந்த சின்ன டிவியின் எழுத்து தெரியவில்லை. என்னிடம் ஒரு 43 இருந்தது. அதை விற்றவர் என் தெருக்காரர், எட்டு வருஷமாக அதற்கு நான்தான் மெக்கானிக். எல்.இ.டி. பட்டை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, பேக்லைட்டைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, இதைக் கூட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பேக்லைட்டைக் குறைத்து வைத்தால் பட்டைக்குச் சூடு குறையும், ஆயுசு நீளும். மகள் அப்பாவிடம், "பழசுதாம்ப்பா, ஆனா நல்ல கையில இருந்து வந்தது. ஏதாவது ஆனா எனக்குப் போன் பண்ணு, யாருகிட்டயும் காசு குடுக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தார். இன்றைக்கும் ஓடுகிறது.

இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பது. மகள் அப்பாவிடம் 'பழசு' என்ற வார்த்தையைச் சொல்ல முடிந்தது. மாமனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் மறைக்கத் தோன்றும். இதைத் தெரிந்துகொண்டே ஸ்டிக்கரை உரித்து, புதுப் பெட்டி தேடிப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு.

மறைப்பதைப் பற்றி எங்கள் பகுதிக்காரர்களுக்குக் கூடுதலாகவே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி இடுப்பளவு தண்ணீரில் நின்றது. அதன்பின் பல மாதம், கழுவிக் காயவைத்த டிவிகள் 'நல்ல கண்டிஷன்' என்று ஊரெங்கும் விலைக்கு வந்தன. வெளியே பளபளவென்று இருக்கும். பின்மூடியின் ஸ்க்ரூக் குழிக்குள் டார்ச் அடித்தால் வண்டல் காய்ந்து தூளாக ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் ஓட்டைகளில் பழுப்பு. எச்.டி.எம்.ஐ. சொருகும் வாயில் பச்சைப் பூஞ்சை போலத் துரு. போர்டு நனைந்து காய்ந்த செட் நாலு நாள் நன்றாகத்தான் ஓடும், ஈரக்காற்று அடிக்கும் மார்கழியில் வேலையைக் காட்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சில மாதங்களுக்குப் பழைய டிவி வாங்காதீர்கள் என்று சொல்லிவருகிறேன்.

இன்னொரு ரகம், கூட்டிச் சேர்த்த டிவி. எங்கோ உடைந்த செட்டின் பேனல், யுனிவர்சல் போர்டு, ஒரு சட்டம், முன்னால் ஒரு பிராண்டு ஸ்டிக்கர். ஆன் செய்ததும் வரும் முத்திரையைக்கூட அந்தப் போர்டில் நம் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இப்படிச் செய்து, இது அசெம்பிள்டு என்று சொல்லி விற்பது நேர்மையான வியாபாரம்தான். உதிரி பாகத்துக்கு நான் போகும் ரிச்சி தெருவில் அப்படிச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் விற்பவரைப் பிடிக்க, செட்டிங்ஸில் மாடல் எண்ணைப் பார்த்து, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ரிமோட்டும் அந்தக் கம்பெனியுடையதுதானா என்று கவனியுங்கள்.

பெரிய பிளாஸ்மா டிவி ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு வந்தால் ஆசைப்பட வேண்டாம். படம் இன்றைக்கும் அழகுதான். ஆனால் பெரிய கம்பெனிகள் 2014 வாக்கில் பிளாஸ்மாவையே கைவிட்டுவிட்டன, பேனல் கிடைக்காது. கரண்டையும் குடிக்கும். 300 வாட் இழுக்கும் ஒரு பிளாஸ்மாவைத் தினம் 6 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது மொத்தமும் அந்த டிவிக்கே சரியாகிவிடும். அதே நேரம் ஓடும் 100 வாட் எல்.இ.டி. டிவிக்கு 36 யூனிட் போதும். பரிசு கொடுத்தவர் போய்விடுவார், கரண்ட் பில் அந்த வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

விலை பேசும்போது விற்கிறவர், "அறுபதாயிரத்துக்கு வாங்கினது சார்" என்றுதான் ஆரம்பிப்பார். அது அவருடைய சரித்திரம். இன்றைக்கு அதே அளவில் புதிது என்ன விலை என்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள டிவி அதற்கு முன் 38,400, அதற்குப் பின் 35,400. புதிதின் விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தான் வேண்டும். புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் யாரையும் கொடுக்கவிடுவதில்லை. பேனல் போனால், புதுப் பேனல் விலை கிட்டத்தட்டப் புது டிவி விலைக்கே வந்து நிற்கும். பழைய டிவி வாங்குகிறவர் அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதை எடுத்து வைக்க முடியாது என்றால் அந்த டிவி அவர் கைக்கு மீறியது.

எடுத்துக்கொண்டு போகும்போது நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கப்போட்டு மேலே மெத்தையை வைத்து வந்து, திரை சிலந்தி வலையாக உடைந்த செட்டுகள் என் கடைக்கு வந்திருக்கின்றன. கொடுப்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். போடாமல் கொடுத்த ஒரு வீட்டில், முந்தைய சொந்தக்காரர் ராத்திரி ராத்திரியாக என்ன பார்த்தார் என்ற பட்டியல் விருந்தாளிகள் முன்னால் யூடியூபில் விரிந்தது. நாலைந்து வருஷம் ஆன ஸ்மார்ட் டிவியில் சில ஆப்கள் ஓடாது. அதற்காக டிவியைத் தள்ளிவிட வேண்டாம், எச்.டி.எம்.ஐ. நன்றாக இருந்தால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் தீர்ந்தது.

என் கடையிலிருந்து பரிசாகப் போகும் பழைய டிவி ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதி அனுப்புகிறேன். எந்த மாதம் எதை மாற்றினேன், எத்தனை மணி ஓடியிருந்தது, என் போன் நம்பர். அதற்குக் கீழே வாங்கிக் கொடுப்பவர் தன் கையால் தன் நம்பரை எழுத வேண்டும். எழுதத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "பின்னாடி எழுதினா தெரிஞ்சிடுமே அண்ணே" என்பார்கள். அவர்களுக்கு நான் அந்த டிவியை விற்பதில்லை. பழையது என்று சொல்லிக் கொடுக்க முடியாத வீட்டுக்குச் சின்னதாகப் புதியது போதும். அதுவும் முடியாவிட்டால் பணமாக மொய் எழுதிவிடுங்கள், அது ரிப்பேர் ஆகாது.